சிவப்புப் புதரின் கதை

பெயரில் டீ இருக்கும், ஆனால் டீ அல்ல. நீலகிரியிலும் அசாமிலும் இலங்கை மலைகளிலும் விளைகிற தேயிலைச் செடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. துவரை, அவரை, கொள்ளு எல்லாம் சேர்ந்த பயறு வகைக் குடும்பம்தான் இதன் குடும்பம். ஊசி ஊசியாக இலை, சின்னச் சின்ன மஞ்சள் பூ, ஆள் மார்பு அளவுக்கு வளரும் ஒரு புதர். தாவரவியல் பெயர் அஸ்பாலாத்தஸ் லினியாரிஸ். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ரூயிபோஸ். 'ரூயி' என்றால் சிவப்பு, 'போஸ்' என்றால் புதர். எழுத்துக்கூட்டிப் படித்தால் இப்படி வருகிறதே தவிர, அந்த ஊர்க்காரர்கள் 'ராய்பாஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் துப்பறியும் நாவல்களைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போட்ஸ்வானாவின் முதல் பெண் துப்பறிவாளர் ரமோட்ஸ்வே, எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் ஒரு கோப்பை சிவப்புப் புதர் தேநீர் போடுவார். மற்றவர்களுக்கு இது அறிமுகமாவது பெரிய கடைகளின் 'ஆரோக்கிய' அலமாரியில்தான். பொட்டலத்தின் மேல் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது. இணையத்தில் தேடினால் இன்னும் ஒரு படி மேலே போய், கிரீன் டீயை விட 50 மடங்கு என்றெல்லாம் வரும்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் செடியின் முக்கியமான ஆன்டி-ஆக்ஸிடன்ட் பெரும்பாலும் அழிந்துபோகிறபோதுதான் அந்தத் தேநீருக்குச் சிவப்பு நிறமே வருகிறது. அது எப்படி என்று பிறகு பார்ப்போம். முதலில் அந்த மலைக்குப் போக வேண்டும்.

கேப் டவுன் நகரிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் சீடர்பெர்க் மலைத்தொடர். மழை பெய்வது குளிர்காலத்தில், கோடையில் வறட்டு வெயில். மண் வெறும் மணல், அதிலும் அமிலத்தன்மை உள்ள, சத்தில்லாத மணல். நம் ஊர் விவசாயி பார்த்தால் 'இதில் என்ன விளையும்' என்று திரும்பிவிடுவார். ரூயிபோஸுக்கு அந்த மணல்தான் வேண்டும். ஆணிவேரை ஆழமாக இறக்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும், பயறு வகை ஆதலால் தழைச்சத்தையும் தானே தேடிக்கொள்ளும். உலகத்தில் வேறெங்கும் இது வணிகப் பயிராக வேரூன்றவில்லை.

அந்த மலையில் ஐரோப்பியர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இரண்டு வகை மக்கள் இருந்தார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த சான் மக்கள், ஆடு மாடு மேய்த்த கோய்கோய் மக்கள். சீடர்பெர்க் குகைகளில் சான் மக்கள் வரைந்த பாறை ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். ஊசி இலையை வெட்டி, கல்லிலும் மரத்திலும் வைத்து நசுக்கி, குவித்து வியர்க்கவிட்டு, வெயிலில் உலர்த்திக் குடிக்கும் பழக்கம் தங்கள் முன்னோருடையது என்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் சொல்கிறார்கள். ஆனால் இதற்குப் பழைய எழுத்துச் சான்று கிடையாது. எப்படி இருக்கும்? எழுதிவைத்தவர்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள். எழுதப்பட வேண்டியவர்களோ வேகமாக அழிந்துகொண்டிருந்தார்கள். 1713-ல் கேப் டவுனில் பரவிய பெரியம்மை மட்டும் அந்தப் பகுதிக் கோய்கோய் மக்களை ஏறத்தாழத் துடைத்தெடுத்தது. நிலம் பறிபோனது, மொழிகள் போயின.

பல கட்டுரைகளில், 1772-ல் கேப்புக்கு வந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் துன்பர்க் ரூயிபோஸைப் பற்றி முதலில் எழுதினார் என்று இருக்கும். இது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய தகவல். லின்னேயஸின் மாணவரான துன்பர்க் குறிப்பிட்டது 'போர்போனியா கோர்டாட்டா' என்ற செடியின் இலையில் அந்தப் பகுதி மக்கள் தேநீர் போடுவதைத்தான். அது ரூயிபோஸுக்குச் சொந்தக்காரச் செடி, ரூயிபோஸ் அல்ல. இந்தச் சின்ன வித்தியாசம் இருநூறு வருடம் கழித்துப் பெரிய பணப் பிரச்சினையாக வந்து நின்றது. அதையும் கடைசியில் பார்ப்போம்.

கப்பலில் வரும் சீனத் தேயிலை விலை கூடுதல் என்பதால் மலைப்பகுதியில் குடியேறிய ஏழை ஐரோப்பியரும் புதர்த் தேநீருக்குப் பழகினார்கள். அது மூட்டை கட்டப்பட்டுச் சந்தைக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1904-ல் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து சேர்ந்த பெஞ்சமின் கின்ஸ்பெர்க் என்ற யூத வணிகர் இதில் இறங்கினார். அவர் குடும்பத்துக்கு ஏற்கெனவே தேயிலை வியாபாரம் தெரியும். மலைவாசிகளிடம் வாங்கி, சீனத் தேயிலைப் பக்குவத்தைப் பார்த்து இதையும் பக்குவப்படுத்தி விற்றார். ஆனால் சரக்கு எல்லாம் காட்டிலிருந்து வெட்டி வருவதுதான். யாருக்கும் இதைப் பயிரிடத் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், விதை கிடைக்காது! ரூயிபோஸின் காய் முற்றினால் வெடித்துச் சிதறும். விதை ஒவ்வொன்றும் சிறியது, நிறமும் மணல் நிறம். விழுந்த விதையை மணலில் தேடி எடுப்பது நடக்கிற காரியமா? தப்பித்தவறிக் கிடைத்ததை விதைத்தாலும் முளைக்காது, தோல் அவ்வளவு கெட்டி.

1930-களில் கிளான்வில்லியம் ஊர் மருத்துவரான பீட்டர் லெ ஃப்ராஸ் நார்டியே இந்தப் புதிரில் மாட்டிக்கொண்டார். நோயாளி பார்த்த நேரம் போகச் செடி ஆராய்ச்சி. ஒலாஃப் பெர்க் என்ற விவசாயி துணைக்கு நின்றார். விதை கொண்டுவருகிறவர்களுக்குக் காசு என்று மலைவாசிகளிடம் அறிவித்தார் நார்டியே. ஒரு தீப்பெட்டி நிறைய விதைக்கு 5 பவுண்டு கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. எல்லோரும் நாலு விதை, பத்து விதை என்று கொண்டுவர, ஒரு கோய் பெண் மட்டும் திரும்பத் திரும்ப நிறையக் கொண்டுவந்தாராம். எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் சொல்லவில்லை. கடைசியில்தான் ரகசியம் வெளியே வந்தது. எறும்புகள்! விதையை இழுத்துக்கொண்டு போகும் எறும்பு வரிசையை அவர் கவனித்திருக்கிறார். பின்தொடர்ந்து போய்ப் புற்றைக் கிளறினால் உள்ளே களஞ்சியமே இருந்தது.

பின்னாளில் நார்டியேவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. இன்றும் பயிராகும் ரகம் 'நார்டியே ரகம்' என்றே அழைக்கப்படுகிறது. அந்தப் பெண் பெரும்பாலான விவரங்களில் வெறும் 'ஒரு கோய் பெண்' மட்டுமே. எறும்புக்குக் கிடைத்த மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்று தோன்றாமல் இல்லை.

விதையின் தோலை உரசிக் கீறிவிட்டால் முளைக்கும் என்பதையும் நார்டியே கண்டுபிடித்தார். அவ்வளவுதான், விதை விலை பவுண்டு எடைக்கு 80 பவுண்டு வரை ஏறியது. கோதுமை போட்டவர்களெல்லாம் ரூயிபோஸுக்கு மாறினார்கள்.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போர். கடல் வழிகள் அடைபட்டன. இலங்கை மலைத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டிருந்த தேயிலை தென்னாப்பிரிக்காவுக்குச் சரியாக வந்துசேரவில்லை. உள்ளூர்ப் புதருக்கு யோகம் அடித்தது. போர் முடிந்து ஆசியத் தேயிலை திரும்பி வந்ததும் விலை தரைக்கு வந்தது. 1948-ல் கிளான்வில்லியம் விவசாயிகள் கூட்டுறவு தொடங்கினார்கள், 1954-ல் அரசே ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. யார் விளைவித்தாலும் வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும். 1993 வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இந்த 'யார்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது நிறவெறி ஆட்சிக் காலம். நல்ல நிலமெல்லாம் வெள்ளை விவசாயிகளிடம். கோய், சான் வம்சாவளியினர் 'கலப்பினத்தார்' என்ற அரசாங்கப் பட்டியலில் அடைக்கப்பட்டு, மிஷன் நிலங்களிலும் ஓரத்து மேடுகளிலும் கொஞ்சம் விளைவித்தார்கள், அல்லது மற்றவர் தோட்டத்தில் கூலிக்கு அரிவாள் பிடித்தார்கள். 1830-ல் ஜெர்மன் மிஷனரிகள் தொடங்கிய வுப்பர்தால் என்ற மலைக்கிராமம் இதற்கு நல்ல உதாரணம். தலைமுறை தலைமுறையாக ரூயிபோஸ் வெட்டிய ஊர், ஆனால் நிலம் திருச்சபையின் பெயரில்.

சரி, மருத்துவ மகிமை எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? அதுவரை இது ஏழைகளின் தேநீர்தான். 1968-ல் அன்னெக்கி தெரோன் என்ற தென்னாப்பிரிக்கத் தாய், ஓயாமல் அழுத தன் கைக்குழந்தைக்குப் பாலோடு ரூயிபோஸ் கலந்து கொடுத்தார். குழந்தை அமைதியாகத் தூங்கியது. அக்கம்பக்கத்துத் தாய்மார்களிடமும் கேட்டுப் பார்த்து, 1970-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார், பிறகு ரூயிபோஸ் அழகுப் பொருட்கள் விற்கும் நிறுவனமும் தொடங்கினார். ஒரு தாயின் அனுபவம் ஆராய்ச்சி ஆகாது. வயிற்றுவலிக் குழந்தைகள் சில மாதங்களில் தாமாகவே சரியாகிவிடுவதும் உண்டு. ஆனால் புட்டிப்பாலில் ரூயிபோஸ் கலப்பது தென்னாப்பிரிக்க வீடுகளில் பழக்கமாகிவிட்டது. 1980-களில் ஜப்பானியர்கள் இதை முதுமையைத் தள்ளிப்போடும் பானமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். நிறவெறி ஆட்சி 1994-ல் முடிந்து சந்தை திறந்தபோது, மேற்கு நாடுகளில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மோகம் உச்சத்தில் இருந்தது. பொட்டலத்தில் போட அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனால் உடலுக்குள் 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் துடுக்கான மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை செல்களைத் தாக்குவதால்தான் முதுமை வருகிறது என்று 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கொள்கை சொன்னார். இரும்பு துருப்பிடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் துருவைத் தடுக்கும் பொருளைச் சாப்பிட்டால் முதுமையும் புற்றுநோயும் தள்ளிப்போகும் அல்லவா? கேட்க அழகான தர்க்கம். சோதித்துப் பார்த்ததும் கதை மாறியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் இதே காரணத்தால் 1996-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. உடல் ஒன்றும் இரும்புக் கம்பி இல்லை. ஃப்ரீ ராடிக்கல்களைத் தனக்கு வேண்டிய வேலைகளுக்கும் அது பயன்படுத்திக்கொள்கிறது.

உணவுகளின் ஆன்டி-ஆக்ஸிடன்ட் வலிமைக்கு 'ஓராக்' என்று ஒரு மதிப்பெண் முறை இருந்தது. சோதனைக் குழாயில் அளப்பது. எந்தப் பழத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று விளம்பரங்கள் போட்டி போட்டன. அந்தப் பட்டியலை வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறையே, சோதனைக் குழாய் எண்ணுக்கும் மனித உடல் நலத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2012-ல் அதை விலக்கிக்கொண்டது.

இனி ரூயிபோஸ். அதில் அஸ்பாலாத்தின் என்ற பொருள் இருக்கிறது. 1960-களில் தென்னாப்பிரிக்க வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தது. இந்தச் செடியைத் தவிர இயற்கையில் வேறெங்கும் அது காணக் கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். சோதனைக் குழாயில் நல்ல ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரூயிபோஸ் தயாரிக்கும் விதத்தைக் கவனியுங்கள். கோடையில் கிளைகளை அறுத்து, பொடியாக நறுக்கி, நசுக்கி, தண்ணீர் தெளித்து, களத்தில் குவியலாக இரவு முழுக்க விடுகிறார்கள். பச்சை நிறம் செங்கல் நிறமாகிறது, தேன் மாதிரி ஒரு வாசனை எழுகிறது. காலையில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். இரவில் அந்தக் குவியலில் நடப்பதன் பெயரே ஆக்ஸிஜனேற்றம். பத்தில் ஒன்பது பங்கு வரை அஸ்பாலாத்தின் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அந்த மாற்றத்தோடு சேர்ந்து வருவதுதான் சிவப்பு நிறம்.

இதைத் தெரிந்துகொண்டுதான் 1990-களில் நொதிக்கவிடாத 'பச்சை ரூயிபோஸ்' உருவாக்கப்பட்டது. அதில் அஸ்பாலாத்தின் தங்கும். ஆனால் சுவை புல் மாதிரி என்பதால் பலருக்குப் பிடிப்பதில்லை. அப்படியே குடித்தாலும் அஸ்பாலாத்தின் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். சிறுநீரில் அளந்து பார்த்தவர்களுக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. கிரீன் டீயை விட 50 மடங்கு என்பதெல்லாம் ஆதாரமில்லாத கூற்று. பெரும்பாலான ஒப்பீடுகளில் கோப்பைக்குக் கோப்பை கிரீன் டீதான் முன்னால் நிற்கிறது. வைட்டமின் சி நிறைந்தது என்ற பேச்சும் அப்படியே, கொதிநீரில் ஊறிய கோப்பையில் அது இருப்பதே அபூர்வம்.

அப்படியானால் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இதய நோய் அபாயம் உள்ள 40 பேர் தினம் ஆறு கோப்பை வீதம் ஆறு வாரம் ரூயிபோஸ் குடித்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தது, நல்லது கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் குறைவு, காலமும் குறைவு, வேறு பானம் குடித்த தனிக்குழு ஒன்றை வைத்து ஒப்பிடவும் இல்லை. அதே ஆட்கள் ரூயிபோஸ் குடிக்காத வாரங்களோடுதான் ஒப்பீடு. மூலிகைத் தேநீர்களில் செம்பருத்தி வகைப் பூவிதழில் போடும் புளிப்புத் தேநீருக்கு இதைவிடச் சான்று பலம். 2010-ல் அமெரிக்காவில் 65 பேரிடம், சாயலும் சுவையும் ஒத்த போலிப் பானத்தோடு ஒப்பிட்டு நடந்த சோதனையில், அது இரத்த அழுத்தத்தை ஓரளவு குறைத்தது.

ரூயிபோஸின் உறுதியான நன்மைகள் அதில் இல்லாதவற்றால் வருபவை. கஃபீன் இல்லை, எனவே இரவில் குடித்தால் தூக்கம் கெடாது. டானின் குறைவு. 1979-ல் 30 இளைஞர்களிடம் ஒரு சோதனை நடந்தது. இரும்புச்சத்தைத் தண்ணீரோடு எடுத்தவர்கள் உடலில் 9.34 சதவீதம் சேர்ந்தது, ரூயிபோஸோடு 7.25, சாதாரண டீயோடு வெறும் 1.70. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர்கள் யோசிக்க வேண்டிய எண் இது. ஆனால் 'இதில் ஒன்று இல்லை' என்று சொல்லி எந்தக் கம்பெனி விளம்பரம் செய்யும்? மறுபக்கம், அதிகமாகக் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் ஒன்றிரண்டு அறிக்கைகளும் உண்டு. அபூர்வம்தான், என்றாலும் மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம்.

சந்தை பெரிதானதும் உரிமைச் சண்டை தொடங்கியது. 1994-ல் அமெரிக்காவில் 'ரூயிபோஸ்' என்ற சொல்லே வணிகக் குறியாகப் பதிவானது. பிறகு அது டெக்சாஸ் நிறுவனம் ஒன்றிடம் கைமாறியது. சொந்த நாட்டுக்காரர்களே தங்கள் சரக்கை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாத நிலை! வழக்காடி, 2005-ல்தான் அது விடுபட்டது. 2010-ல் நெஸ்லே குழுமம் ரூயிபோஸ் பயன்பாடுகளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருப்பது தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி பெறவில்லை என்று தன்னார்வ அமைப்புகள் குற்றம் சாட்டின, நிறுவனம் மறுத்தது.

அதே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதே 2010-ல் சான் மக்களின் மன்றம் ஒரு கேள்வி கேட்டது. மரபறிவு எங்களுடையது, லாபத்தில் பங்கு எங்கே? கோய் மக்களும் சேர்ந்துகொண்டார்கள். ரூயிபோஸ் தொழில்துறை சொன்ன பதில், எழுத்துச் சான்று இல்லை என்பதுதான். துன்பர்க் எழுதியது வேறு செடியை என்பது இங்கேதான் வந்து உதைத்தது. ஆனால் 2014-ல் அரசின் சுற்றுச்சூழல் துறை, ஆய்வு செய்துவிட்டு, அவர்கள் கோரிக்கையை மறுக்கச் சான்று எதுவும் இல்லை என்றது. யார் நிரூபிக்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் தலைகீழானது.

ஒன்பது வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2019 நவம்பரில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. விவசாயியிடம் வாங்கும் விலையில் 1.5 சதவீதத்தை, பதப்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கோய், சான் அறக்கட்டளைகளுக்குத் தர வேண்டும். தோட்டத்து விலையில்தான் இந்தச் சதவீதம். டோக்கியோவிலும் பெர்லினிலும் பொட்டலம் விற்கும் விலையில் அல்ல. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் டார்ஜிலிங், ஷாம்பெயின் மாதிரி ரூயிபோஸ் பெயருக்கும் இடம் சார்ந்த பாதுகாப்பு அளித்தது. 2022-ல் முதல் தவணையாக 1 கோடியே 22 லட்சம் ராண்ட் வந்து, இரு சமூகங்களுக்கும் சரிபாதியாகப் பிரிந்தது.

இதற்கிடையே வுப்பர்தாலில் 2018 டிசம்பர் 30 அன்று தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்துபோயின. பக்கத்து சுயிட் போக்கவெல்ட் மேட்டில், 2001-ல் சிறு விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய ஹெய்வெல்ட் கூட்டுறவு, தோட்டப் பயிரோடு காட்டு ரூயிபோஸையும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. தோட்டத்துச் செடி நாலைந்து வருடத்தில் ஓய்ந்துவிடும். காட்டுச் செடி அப்படியில்லை. தீயில் எரிந்தாலும், வறட்சியில் காய்ந்தாலும், அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற வகை அது. அதை எந்த உயரத்தில் வெட்டினால் பிழைக்கும், எத்தனை வருடம் விட்டு வெட்ட வேண்டும் என்பதற்கு அங்குள்ள முதியவர்களைத்தான் கேட்கிறார்கள்.